தற்காப்பு என்று சொன்னால் போதுமா? குடும்பச் சண்டை, கொலை வழக்கு, மேன்முறையீடு: ஒரு வரலாற்றுப் பார்வை

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அண்ணன் தம்பிக்குள், மாமன் மருமகனுக்குள் வேலியிலோ வாய்க்காலிலோ தொடங்கும் சண்டை எங்காவது ஓர் உயிரோடு முடிந்துவிட்டால், மையித்து அடக்கம் ஆகும் முன்பே ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பிவிடும். "அவன்தான் முதல்ல கத்தி எடுத்தவன். இவன் தன்னைக் காப்பாத்தத்தான் அடிச்சவன். தற்காப்பு. கேஸ் நிக்காது." தேநீர்க் கடையிலும் இதே பேச்சு, பஸ்ஸிலும் இதே பேச்சு. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். உள்ளே இருப்பவனின் தாய்க்கும் மனைவிக்கும் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆறுதலை நம்பிக் காணியை விற்று, நகையை அடைவு வைத்து, வருடக்கணக்காகக் கொழும்புக்கு அலையும் குடும்பங்களுக்கு உண்மை மிகவும் பிந்தித்தான் தெரிய வருகிறது.

தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. அது பலமான உரிமைதான். ஆனால் எமது நாட்டில் "தற்காப்புக்காகச் செய்தேன்" என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். இப்படி ஒரு நிலை எப்படி வந்தது என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

*

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

திருமணம், சொத்து, பரம்பரை என்று வரும்போது இந்த நாட்டில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழருக்குத் தேசவழமை, கண்டியருக்குக் கண்டியச் சட்டம், எமக்கு முஸ்லிம் சட்டம். குற்றம் என்று வந்தால் எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம டச்சுச் சட்டமே முன்னர் குற்றங்களுக்கும் அடிப்படையாக இருந்தது. அதற்குப் பதிலாக ஆங்கிலேயர் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக் கோவையை இயற்றினார்கள். அது 1885இல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் கொலை வழக்குகள் அதன்படியே நடக்கின்றன.

அந்தக் கோவை இலங்கையில் புதிதாக யோசித்து எழுதப்பட்டதல்ல. மெக்காலே பிரபு தலைமையிலான ஆணைக்குழு 1837இல் இந்தியாவுக்காக வரைந்து, 1860இல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தம்பி அது. இந்தியாவில் 96 முதல் 106 வரை இருந்த 11 பிரிவுகள் இங்கே 89 முதல் 99 வரை 11 பிரிவுகளாக இருக்கின்றன. இரண்டும் தனியார் தற்காப்பு உரிமையைப் பற்றியவை.

மெக்காலேயின் ஆணைக்குழு இந்த உரிமையைத் தாராளமாகவே கொடுத்தது. அன்றைய இந்தியாவில் வழிப்பறிக் கூட்டங்கள் அதிகம், பொலிஸ் குறைவு. மக்கள் எதிர்த்து நிற்கப் பழக வேண்டும் என்று ஆணைக்குழு விரும்பியது. இரவில் வீடு உடைத்து வருபவன், வழியில் மறித்துக் கொள்ளையடிப்பவன் போன்றவர்கள்தான் அதன் மனதில் இருந்தார்கள். ஒரே முற்றத்தில் வளர்ந்த இரண்டு சகோதரர்கள் எல்லைக்கல்லுக்காக அடிபடும் காட்சிக்கும் அதே சட்டம்தான். சிக்கலின் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

*

பிரிவுகள் என்ன சொல்கின்றன? எமக்குத் தேவையான நான்கை மட்டும் எளிமையாகச் சொல்கிறோம்.

90ஆம் பிரிவு: தன் உடலையும் பிறர் உடலையும், தன் சொத்தையும் பிறர் சொத்தையும் காக்க ஒருவருக்கு உரிமை உண்டு.

92ஆம் பிரிவு: அந்த உரிமைக்கு வரம்பு உண்டு. அதிகாரிகளிடம் போய் உதவி கேட்க நேரம் இருந்தால் உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை.

93ஆம் பிரிவு: எதிராளியின் உயிர் போகும் அளவுக்கு எப்போது தற்காக்கலாம் என்று சொல்கிறது. உயிர் போகும் அல்லது பாரதூரமான காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் தாக்குதல், பாலியல் வல்லுறவு நோக்கிலான தாக்குதல், கடத்தும் நோக்கிலான தாக்குதல் போன்ற சில சந்தர்ப்பங்கள் மட்டுமே அதில் உள்ளன.

95ஆம் பிரிவு: ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழும்போது உரிமை தொடங்கும். அந்த அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும்.

இந்த நான்கையும் எங்கள் ஊர்ச் சண்டையில் வைத்துப் பாருங்கள். தம்பி பொல்லோடு ஓடி வருகிறான். அண்ணன் கையில் மண்வெட்டி இருக்கிறது, தலையில் அடி விழும் முன் தடுத்து அடிக்கிறான். அந்த நேரத்தில் அண்ணனுக்கு உரிமை இருக்கிறது. தம்பி விழுந்துவிட்டான், பொல்லும் கைவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு விழும் இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் உரிமை இல்லை. அதேபோல், தம்பி அடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டான். அண்ணன் வீட்டுக்குள் போய்க் கத்தி எடுத்து வந்து அவனைத் தேடிப் போனால், அங்கே தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து வருடமாக அவன் செய்த அநியாயம் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். சட்டம் அந்தப் பத்து வருடத்தைப் பார்க்காது, அந்த நேரத்தில் ஆபத்து இருந்ததா என்றுதான் பார்க்கும்.

*

இனி, யார் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வி. இதன் வரலாறு இங்கிலாந்தில் நடந்த ஒரு குடும்பச் சண்டையோடு பிணைந்திருக்கிறது.

1934ஆம் ஆண்டு டோர்செட் பகுதியில் ரெஜினால்ட் வூல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி இருந்தார். அவருடைய மனைவிக்கு 17 வயது. திருமணமாகிச் சில மாதங்களில், கைக்குழந்தையோடு மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டார். டிசம்பரில் ஒருநாள் வூல்மிங்டன் துப்பாக்கியோடு மாமியார் வீட்டுக்குப் போனார். மனைவி சுடப்பட்டு இறந்தார். "நீ வராவிட்டால் நான் செத்துவிடுவேன் என்று பயமுறுத்தத்தான் துப்பாக்கியைக் காட்டினேன், அது தவறி வெடித்துவிட்டது" என்பது அவரது வாதம்.

கொன்றது நிரூபணமாகிவிட்டால், அது கொலையல்ல என்று காட்டும் பொறுப்பு எதிரியுடையது என்று விசாரணை நீதிபதி யூரர்களுக்குச் சொன்னார். யூரர்கள் குற்றவாளி என்றார்கள், மரண தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1935இல் சாங்கி பிரபு அந்தத் தீர்ப்பைத் தலைகீழாக மாற்றினார். குற்றத்தை நிரூபிப்பது எப்போதும் வழக்குத் தொடுநரின் கடமை, நியாயமான சந்தேகம் எழுந்தாலே எதிரி விடுதலை பெற வேண்டும் என்பது அவரது முடிவு. சட்டம் படிப்பவர்கள் இதை ஆங்கிலக் குற்றவியலின் "பொன்னிழை" என்பார்கள். வூல்மிங்டன் விடுதலையானார்.

அது தற்காப்பு வழக்கல்ல, விபத்து என்று சொன்ன வழக்கு. ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பின் இங்கிலாந்தில் தற்காப்புக்கும் அதே விதிதான். எதிரி தற்காப்பை நியாயமாக எழுப்பிவிட்டால், அது தற்காப்பல்ல என்று வழக்குத் தொடுநர்தான் நிரூபிக்க வேண்டும்.

அப்படியானால் பிரித்தானிய ஆட்சியில் இருந்த இலங்கைக்கும் அதே விதிதானே என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை.

இலங்கையில் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அதன் 105ஆம் பிரிவு, ஒருவர் தன் செயல் தண்டனைச் சட்டத்தின் விதிவிலக்கு ஒன்றுக்குள் வருகிறது என்று சொன்னால், அதை நிரூபிக்கும் பாரம் அவருடையது என்கிறது. தற்காப்பும் அப்படி ஒரு விதிவிலக்குத்தான்.

இதோடு இன்னொரு விடயமும் உண்டு. 1938க்கு முன், உயர் நீதிமன்றத்தில் யூரர் முன் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கு இன்று நாம் நினைப்பது போன்ற மேன்முறையீட்டு உரிமை இருக்கவில்லை. 1938ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை உருவாக்கியது. தூக்குமேடைக்கு முன்னால் இன்னொரு கதவு அப்போதுதான் திறந்தது. அந்தப் புதிய நீதிமன்றத்துக்கு விரைவிலேயே இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது: வூல்மிங்டன் விதி எமக்கும் பொருந்துமா?

1942இல் மன்னர் எதிர் ஜேம்ஸ் சந்திரசேகர என்ற வழக்கில் பதில் கிடைத்தது. பொருந்தாது என்பதே அந்தப் பதில். அதற்கு முந்திய ஆண்டுதான் அலகாபாத் மேல் நீதிமன்றம் பர்பூ வழக்கில், ஏறக்குறைய இதே வாசகமுள்ள இந்தியச் சட்டத்தை வைத்துக்கொண்டு, நியாயமான சந்தேகம் எழுந்தாலே எதிரிக்கு விடுதலை என்று சொல்லியிருந்தது. கொழும்பு அந்த வழியில் போகவில்லை. தற்காப்பு என்று சொல்பவர் யூரர்களின் மனதில் சந்தேகத்தைக் கிளப்பினால் மட்டும் போதாது, தற்காப்புத்தான் நடந்தது என்பது அதிக சாத்தியம் என்று அவர்களை ஏற்கச் செய்ய வேண்டும் என்று தீர்ப்பானது.

சுதந்திரம் வந்த பின்னும் எமது வழக்குகள் இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை போய்க்கொண்டிருந்தன. ஜயசேன எதிர் இராணி என்ற கொலை வழக்கு அங்கே போனது. கொல்லும் எண்ணத்தோடுதான் காயப்படுத்தினேன், ஆனால் தற்காப்புக்காகச் செய்தேன் என்பது எதிரியின் நிலைப்பாடு. தீர்ப்பை எழுதியவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீதியரசர் டெவ்லின் பிரபு. தன் நாட்டில் விதி வேறாக இருந்தும், இலங்கைச் சட்டத்தின் வாசகம் தெளிவாக இருக்கிறது, 1942இன் தீர்ப்புச் சரியானது என்று அவர் உறுதிசெய்தார். 1970ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் அது வெளியானது. அடுத்த ஆண்டே கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழியைப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி மூடியது. மேன்முறையீடு கொழும்போடு நின்றது, 105ஆம் பிரிவின் பாரம் அப்படியே இருந்தது.

*

"பாரம்" என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதுபோல் புள்ளிக் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். சட்டத்தில் இப்படிப் புள்ளி கிடையாது, விளங்குவதற்காக மட்டும் சொல்கிறோம்.

கொலையை நிரூபிக்க வேண்டிய அரச தரப்பு 100க்கு ஏறக்குறைய முழுப் புள்ளியும் எடுக்க வேண்டும். அந்தக் கடமை இங்கும் மாறவில்லை. இறந்தது இந்த எதிரியின் கையால், இந்த எண்ணத்தோடு என்பதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அரச தரப்பே நிரூபிக்க வேண்டும். தற்காப்பு என்று சொல்பவர் அவ்வளவு எடுக்கத் தேவையில்லை. 51 எடுத்தால் போதும். ஆனால் 40 எடுத்துவிட்டு, "என்னவோ ஒரு சந்தேகம் இருக்கிறதுதானே, விடுங்கள்" என்று இங்கே கேட்க முடியாது. இங்கிலாந்தில் கேட்கலாம்.

அந்த 51ஐ எடுக்க எதிரி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அரச தரப்பின் சாட்சிகள் வாயிலிருந்து வந்ததை வைத்தும் காட்டலாம். எதிரியின் உடலில் இருந்த காயங்கள், ஆயுதத்தை யார் கொண்டு வந்தார், உடல் விழுந்து கிடந்த இடம் யாருடைய வளவு, காயம் முன்பக்கமா முதுகிலா, எத்தனை வெட்டு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை என்ன சொல்கிறது என்பவை எல்லாம் மேன்முறையீட்டில் மீண்டும் மீண்டும் புரட்டப்படும். பொலிஸில் கொடுத்த முதல் வாக்குமூலத்திலும் விசாரணையிலும் வராத தற்காப்பு, மேன்முறையீட்டில் திடீரென்று முளைத்தால் அதற்குப் பலம் குறைவு. மேன்முறையீட்டு நீதிமன்றம் புதிதாகச் சாட்சிகளை அழைத்து வழக்கைத் தொடக்கத்திலிருந்து நடத்துவதில்லை. கீழே எழுதப்பட்ட பதிவைத்தான் பெரும்பாலும் வாசிக்கிறது. கீழே பதிவாகாதது மேலே இல்லாதது மாதிரித்தான்.

முழுத் தற்காப்பு நிரூபணமானால் எதிரி விடுதலை. அது கைகூடாவிட்டாலும் இடையில் சில படிகள் உண்டு. தற்காப்பு உரிமை இருந்தது, ஆனால் நல்லெண்ணத்தோடு செயற்பட்டும் எல்லை மீறிவிட்டார் என்றால், 294ஆம் பிரிவின் விதிவிலக்கின்படி அது கொலையாகாத கைமோசக் குற்றமாகக் குறையும். கடுமையான திடீர் ஆத்திரமூட்டலுக்கும், முன்கூட்டித் திட்டமிடாமல் திடீரென்று மூண்ட சண்டைக்கும் அப்படியே. குடும்பச் சண்டை மேன்முறையீடுகள் பலவற்றில் உண்மையான போராட்டம் இந்த இடைப்படியில்தான் நடக்கிறது. கொலை என்றால் மரண தண்டனைத் தீர்ப்பு. 1976க்குப் பின் இந்த நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், அந்தத் தீர்ப்போடு ஒருவர் சிறையில் கழிக்கும் காலம் சிறிதல்ல. கொலையல்ல என்று குறைந்தால் குறித்த ஆண்டுகள் கொண்ட சிறைத்தண்டனை. பிள்ளைகளின் கலியாணத்துக்கு வாப்பா இருப்பாரா இல்லையா என்பது இந்த வித்தியாசத்தில் தங்கியிருக்கலாம்.

*

எமது சட்டத்தின் அண்ணன் இருக்கும் இந்தியாவில் என்ன நடந்தது?

1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு உறவு வைத்திருந்தவரைச் சுட்டார். கட்டிப்புரண்டபோது துப்பாக்கி தவறி வெடித்தது என்றார். யூரர்கள் பெரும்பான்மையாகக் குற்றமற்றவர் என்றார்கள். மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1961இல் உச்ச நீதிமன்றமும் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி எடுத்து வந்ததற்கு இடையில் இருந்த நேரமே அவருக்கு எதிராக நின்றது. கோபம் ஆறுவதற்கும் யோசிப்பதற்கும் அந்த இடைவெளி போதும் என்பது நீதிமன்றத்தின் கணிப்பு. நாடு முழுதும் அவருக்காகக் கண்ணீர் விட்டது, ஆனால் மேன்முறையீட்டில் மணிக்கூடு பேசியது.

தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கு அதற்கு நேர்மாறானது. காணியை உழுவது பற்றிய தகராறு. தந்தையின் தலையில் வெட்டு விழுந்ததைக் கண்ட மகன் துப்பாக்கியால் சுட்டார், வெட்டியவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. மேல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2010இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது. உயிருக்குப் பயந்து நிற்பவன் தன் அடியைத் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்பதை ஏற்று, பழிவாங்குவதற்கு இந்த உரிமை இல்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. சம்பவம் நடந்தது 1991இல். இறுதி விடுதலை 2010இல். நியாயம் தன் பக்கம் இருந்தவருக்கே ஏறக்குறைய 19 வருடம் எடுத்தது. கேஸ் நிக்காது என்று சொல்லும் நாம் இந்த 19ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

எமது சகோதரிகளைப் பற்றியும் பேசாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

இந்தச் சட்டம் இரண்டு ஆண்கள் வெட்டவெளியில் மோதும் சண்டைக்குப் பொருந்துமாறு எழுதப்பட்டது. வருடக்கணக்காக அடி வாங்கும் ஒரு பெண்ணுக்கு ஆபத்து ஒரு நிமிடத்தில் வந்து போவதல்ல. அது ஒவ்வொரு மாலையும் வாசலில் வந்து நிற்கிறது. அடி விழும் நேரத்தில் எதிர்த்து நிற்க அவளுக்கு உடற்பலம் இல்லை. அவன் உறங்கியபின் அவள் ஏதாவது செய்துவிட்டால், 95ஆம் பிரிவின் கண்ணில் அந்த நேரத்தில் ஆபத்து இல்லை.

இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண் கிரண்ஜித் அலுவாலியா 1989இல் இதே நிலையில் கொலைக் குற்றவாளியானார். பத்து வருடச் சித்திரவதைக்குப் பின், கணவன் படுத்திருந்தபோது தீ வைத்திருந்தார். 1992இல் மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு இரத்தானது, பின்னர் குற்றம் குறைக்கப்பட்டு அவர் வெளியே வந்தார். அவரைக் காப்பாற்றியது தற்காப்பு வாதமல்ல. அவரது மனநிலை பற்றிய மருத்துவச் சான்றுதான்.

ஆபத்து அந்த நேரத்தில் கண்முன்னே இருந்தால் நிலைமை வேறு. 2012இல் மதுரையில் ஒரு தாய், மகளிடம் தகாத முறையில் நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவர் இறந்தார். மாவட்டப் பொலிஸ் அத்தியட்சகர் இந்தியச் சட்டத்தின் 100ஆம் பிரிவைக் காட்டி, வழக்கின்றியே அந்தத் தாயை வீட்டுக்கு அனுப்பினார். எமது 93ஆம் பிரிவு அதே பிரிவின் மறுபதிப்புத்தான். அந்த இரண்டு பெண்களின் துன்பத்தையும் அளந்து, இது பெரிது, அது சிறிது என்று சொல்ல எவராலும் முடியாது. சட்டம் கண்ட வித்தியாசம் நேரம் மட்டுமே.

ஆகவே அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுமையாக இரு, குடும்ப மானம்" என்று சொல்லும் நாம், அவளுக்குச் சட்டம் கொடுத்த ஒரே நல்ல வழியை அடைத்துவிடுகிறோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி அவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிஸும் கேட்கலாம். அது எவரையும் சிறைக்கு அனுப்பும் வழக்கல்ல. அடிக்காதே, கிட்டே வராதே என்று நீதிமன்றம் இடும் கட்டளை. மையித்து விழும் முன் எடுக்கக்கூடிய தற்காப்பு அதுதான்.

*

கடைசியாக எங்கள் மண்ணுக்கு வருவோம்.

கண்டாவளையிலும் சுற்றுவட்டாரக் குடியேற்றங்களிலும் பல குடும்பங்களிடம் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி அல்லது அளிப்புக் காணி. அந்தக் காணியை நினைத்தபடி துண்டு துண்டாகப் பிரிக்க முடியாது. பின்னுரித்தாளரை நியமிக்காமல் தந்தை மௌத்தாகிவிட்டால், தாய்க்குப் பிறகு சட்டத்தின் அட்டவணைப்படி ஒருவருக்கே போகும். நீண்ட காலமாக அந்த அட்டவணை ஆண்பிள்ளையையும் மூத்தவரையும் முன்னுக்கு வைத்தது. 2022இல்தான் ஆண், பெண் வேறுபாட்டை நீக்கித் திருத்தம் வந்தது. ஆனால் வாய்மொழியாகத் தந்தை நான்கு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார். நான்கு பேரும் அந்தப் பிரிவை நம்பி வீடு கட்டிக் கிணறு வெட்டியிருப்பார்கள். காகிதத்தில் ஒருவரின் பெயர், நிலத்தில் நான்கு வேலி.

இதற்கு மேல் இடப்பெயர்வு. 1990இல் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 2009 வரை ஓடி ஓடி அலைந்த தமிழ்க் குடும்பங்களும் திரும்பி வந்தபோது எல்லைக்கல் இல்லை, வேலி இல்லை, பலரிடம் பத்திரமும் இல்லை. ஆண்டாண்டாகப் பராமரித்தவர் ஒருவர், உரிமை சொல்லி வந்தவர் ஒருவர், இருவரும் ஒரே பாட்டனின் பேரர்கள். இப்படியான இடத்தில் கையில் மண்வெட்டியோடு இருவர் நேருக்கு நேர் நிற்கும்போது, 92ஆம் பிரிவு கேட்கும் கேள்வி இதுதான்: உதவி கேட்க உனக்கு நேரம் இருந்ததா? ஐந்து வருடமாக நடக்கும் சண்டையில், அந்தக் கடைசி நிமிடத்தைத் தவிர மற்ற எல்லா நாளும் நேரம் இருந்தது என்பதுதான் பதில்.

அந்த நேரத்தில் செய்யக்கூடியவை இவை. பிரதேச செயலகக் காணிக் கிளையில் பின்னுரித்தாளர் நியமனத்தைத் தந்தை உயிரோடு இருக்கும்போதே பதிவுசெய்வது. சின்னச் சண்டையாக இருக்கும்போதே நாம் இணக்கசபை என்று சொல்லும் மத்தியஸ்த சபைக்குப் போவது. அது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது, சட்டத்தரணிச் செலவு இல்லை. மிரட்டல் வந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை எழுதி வைப்பது. அடிதடிக்குப் போகும் நிலை வந்தால் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடுவது. அங்கே உறுதி யாருடையது என்று பார்ப்பதில்லை. இப்போது காணி யாரிடம் இருக்கிறது, கடந்த 2 மாதத்துக்குள் யாரையாவது பலவந்தமாக வெளியேற்றினார்களா என்று பார்த்து, மாவட்ட நீதிமன்றம் உரிமையைத் தீர்மானிக்கும் வரை சண்டையை நிறுத்தி வைப்பார்கள்.

இவை எல்லாம் செய்தும் ஒருநாள் உண்மையாகவே தன் உயிரைக் காக்க வேண்டி வந்தால், அந்த முறைப்பாட்டு இலக்கமும் இணக்கசபைக் கடிதமும்தான் அந்த 51 புள்ளிக்குள் போய்ச் சேரும் சாட்சிகள்.

மார்க்கமும் இதையே சொல்கிறது. தாக்க வருபவனைத் தடுக்கும் உரிமையை ஷாஃபிஈ மத்ஹபின் பிக்ஹு நூல்கள் ஏற்கின்றன. ஆனால் படிப்படியாக. சொல்லால் தடுக்க முடிந்தால் கை கூடாது, கையால் தடுக்க முடிந்தால் ஆயுதம் கூடாது. மெக்காலே பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட வரம்பு இது, 92ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. இவ்வுலகின் முதல் கொலை ஹாபிலுக்கும் காபிலுக்கும் இடையில் நடந்தது என்று சிறுவயதில் குர்ஆன் மத்ரசாவில் கேட்டோம். கிறிஸ்தவ உறவுகள் ஆபேல், காயீன் என்று அதையே படிக்கிறார்கள். முதல் கொலையே கூடப்பிறந்தவனுடையது என்பதை எல்லா வேதக்காரரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது சும்மா அல்ல.

உறவுகளே, அடுத்த தடவை ஊரில் யாராவது "தற்காப்பு, கேஸ் நிக்காது" என்று சொன்னால், 1942இல் இருந்து நிற்கிற தீர்ப்பை அவருக்குச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, இன்று உங்கள் பக்கத்து வளவில் வேலிச் சண்டை புகைந்துகொண்டிருந்தால், இந்த வாரமே இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இணக்கசபைக்கு ஒரு கடிதம் எழுத உதவுங்கள். எழுதத் தெரியாதவர்கள் எம்மிடம் வாருங்கள், பாடசாலை விட்ட பிறகு எழுதித் தருகிறோம். தமிழர், முஸ்லிம் என்ற பேதம் அதில் இல்லை.

அல்லாஹ் எம் எல்லாரது வீடுகளிலும் அமைதியைத் தருவானாக.